கட்டிலைச் சுற்றி ஒரு கட்டா

என் வாழ்நாளில் ஒரு காரியத்தைச் சொன்னது சொன்னபடி, ஒரு நாளும் பிசகாமல் செய்து முடித்தது ஒரே ஒரு முறைதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஒழுங்கினால் கொட்டாஞ்சேனையில் ஒரு கராத்தே வகுப்பே இழுத்து மூடப்படப் பார்த்தது. அதன் பிறகு நான் எதையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்லி வருகிறேன்.

நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் குடியிருந்தோம். வகுப்போ கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப் போவார். வெள்ளவத்தையில் இல்லாத வகுப்பா என்று நீங்கள் கேட்கலாம். பரதநாட்டியம், வயலின், பண்ணிசை, சித்திரம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் என்னைச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைசியில் வயலின் ரீச்சர் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளையிட்ட வேறை ஏதும் திறமை கட்டாயம் இருக்கும்" என்று மிகவும் பண்பாகச் சொன்னா. அந்த 'வேறை ஏதும்' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனதில்தான் கொட்டாஞ்சேனை வந்தது.

வகுப்பு நடத்தியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். குள்ளமாக, அகலமாக, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாமல் இருப்பார். நாங்கள் அவரை யப்பானிய முறைப்படி சென்செய் என்போம். அப்பா மட்டும் சேர் என்பார். யப்பானுக்குத் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவின் பழைய கராத்தே முறை ஒன்றை அவர் படிப்பித்தார். அதில் சண்டையை விடக் கட்டாதான் முக்கியம். கட்டா என்பது இல்லாத எதிரிகளோடு போடும் சண்டை. வெறுங்கையால் போடுவதும் உண்டு, ஆறடித் தடி போன்ற ஆயுதங்களோடு போடுவதும் உண்டு. எந்த அடிக்குப் பிறகு எந்த அடி, எந்த மூலைக்குத் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் கத்த வேண்டும் என்பதெல்லாம் எப்போதோ யாரோ ஒரு கிழவர் வைத்தது வைத்ததுதான். அதில் ஓர் அங்குலம் மாற்றுவது, தேவாரத்தில் நமக்குப் பிடித்த சொல்லைப் போட்டுப் பாடுவது போன்ற குற்றம்.

அந்தக் குற்றத்தைத்தான் யாரோ எங்கள் சென்செய் தலையில் கட்டிவிட்டார்கள். வேறொரு வகுப்பிலிருந்து ஒகினாவாவுக்குக் கடிதம் போயிருந்தது: கொட்டாஞ்சேனைக்காரர் கட்டாவைத் தன் விருப்பத்துக்கு மாற்றிப் படிப்பிக்கிறார் என்று. முழுப்பொய். இருந்தாலும் அங்கேயிருந்து மூத்த ஆசான் ஒருவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று பதில் வந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் கட்டா செய்ய வேண்டும். மாற்றம் ஏதும் கண்டால் தரத்துக்கேற்ற இடுப்புப் பட்டி கொடுக்கும் உரிமை சென்செய்யிடமிருந்து பறிபோகும், வகுப்பும் அத்தோடு சரி. இதை எங்களுக்கு ஒருவரும் ஒளிக்கவில்லை. வகுப்பு முடிந்து சப்பாத்துப் போடும்போது பெரிய அண்ணாமார் எல்லாம் இதையேதான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூடினா மூடட்டும். ஞாயிற்றுக்கிழமையில கணித வகுப்புக்கு விடலாம். பக்கத்து ஒழுங்கைதானே, பஸ்ஸும் தேவையில்லை."

ஆகவே அந்தப் பெரிய பிரச்சினை எனக்கு மிகவும் சுருக்கமாக விளங்கியது. ஒகினாவாவிலிருந்து ஒருவர் விமானத்தில் வருகிறார். அவருக்குப் பிடித்தால் எனக்குக் கராத்தே, பிடிக்காவிட்டால் எனக்கு எழுத்துகளால் கணக்குப் போடும் அட்சரகணிதம்.

இந்த நேரம் பார்த்து மண்டபத்துக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஆசான் வருவதற்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருக்கையில், தகரம் மாற்ற வேண்டும் என்று மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்களுடைய தடிகளும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. சென்செய் வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"வீட்டுல பழகுங்க. ஒவ்வொரு நாளும் இருபது தரம். வெறுங்கை பத்து, தடி பத்து. தடி இல்லாட்டி கையில கெடைக்கிறத எடுங்க. ஆனா ஒரு நூலளவு மாறக் கூடாது. வெளங்குதா?"

விளங்கியது. அட்சரகணிதத்துக்குப் பயந்து அன்று பின்னேரமே தொடங்கினேன். ஆறு கிழமை, ஒரு நாள் தவறாமல், இருபது தரம். காய்ச்சல் வந்த அன்றும் செய்தேன். அம்மா பயந்துபோய் எனக்கு மந்திரித்து நூல் கட்டலாமா என்று யோசித்தா.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா படவரைஞர். புதிதாக வீடு கட்டுபவர்களுக்குப் பிளான் கீறிக் கொடுப்பவர். உலகத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் காற்றோட்டமான பெரிய ஹோல் கீறிக் கொடுத்துவிட்டு, அவர் வாழ்ந்தது பதின்மூன்றுக்குப் பதினொரு அடி ஹோலில். அதற்குள் சாப்பாட்டு மேசை, பிரிட்ஜ், அம்மாவின் கல்யாணக் கண்ணாடிச் சாமான்கள் நிற்கும் ஷோகேஸ். இதெல்லாம் போதாதென்று அந்த வருடம் மாமியின் கட்டிலும் வந்து சேர்ந்தது. மாமி என்றால் அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு, கொழும்பில் ஒப்பரேஷன் செய்து, எங்களோடு தங்கியிருந்தா. அறைக்குள் கட்டில் போட்டால் டிவி தெரியாது என்பதால் ஹோலின் நடுவிலேயே பள்ளிகொண்டிருந்தா.

கடற்கரையில் பழகியிருக்கலாமே என்பீர்கள். கடற்கரைக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். அம்மாவின் கணக்கில் உலகத்து ரயில்கள் எல்லாம் நான் தாண்டும் நேரத்துக்காகவே எங்கோ காத்து நின்றன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியும் ஒரு பூட்டும் இருந்தன. ஆகவே ஹோல்தான்.

வெறுங்கைக் கட்டாவின் தொடக்கத்திலேயே வலப்பக்கம் சரிவாக நீட்டி ஓர் அடி வைக்க வேண்டும். அங்கே கட்டில் இருந்தது. ஆகவே அரை அடி வைத்தேன். அடுத்தது இடப்பக்கம், அங்கே மேசையின் முனை. இடுப்பைக் கொஞ்சம் ஒடித்தேன். பிறகு ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் வயிற்றுயரத்துக்கு உதைக்க வேண்டிய இடம். அந்த நேர்கோட்டில் ஒரு ஸ்டூலும், அதன் மேல் மாமியின் பிளாஸ்கும், மருந்துக் குளிசைகளும். முதல் நாள் ஒரு குளிசைப் போத்தல் பறந்ததோடு என் உதை முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. திரும்பும் இடத்தில் பிரிட்ஜுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சந்து. வயிற்றை எக்கிக்கொண்டு நண்டு மாதிரி அதற்குள்ளால் போவேன்.

தடிக்கு வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்தேன். தலைக்கு மேல் சுழற்றி அடிக்கும் இடத்தில் மேலே மின்விசிறி ஓடியது. ஆகவே சுழற்சி காதோடு நின்றது. முன்னே குத்தும் இடத்தில் ஷோகேஸ். ஆகவே குத்து பாதியில் மனம் மாறித் திரும்பி வந்தது. நிலத்தோடு வீசும் அடி மட்டும் கட்டிலின் கால்மாட்டால் தாராளமாகப் போகும். அந்த அடி வருகிறது என்று கண்டதும் மாமி நல்ல காலை இழுத்து மடக்கிக்கொள்ளுவா.

"எடியே, இந்தக் கால் ஒண்டுதான் எனக்கு ஒழுங்கா இருக்குது. இதையும் வாங்கிப்போடாதை."

"படாது மாமி. அளந்துதான் வீசுறன்."

"ஆரையடி இப்பிடிப் போட்டு அடிக்கிறாய்?"

"ஒருத்தரையும் இல்லை. இல்லாத ஆளைத்தான்."

"இல்லாத ஆளிலை ஏனடி உனக்கு இவ்வளவு கோவம்?"

இந்தக் கேள்விக்கு ஒகினாவாவிலும் பதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மிச்சமிருந்தது காலை நிலத்தில் ஓங்கி வைக்கும் இடமும், கத்த வேண்டிய இடமும். இரண்டாம் நாளே கீழ் வீட்டு அங்கிள் மாடியேறி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற சிங்கள மனிதர், மிகவும் சாது. "உட மொகத கரன்னே, துவ?" என்று கேட்டார். மேலே என்னதான் செய்கிறாய் மகள் என்று அவர் கேட்ட விதத்தில் கோபத்தை விடக் கவலைதான் கூட இருந்தது. கத்தும் சத்தத்தைக் கேட்டு மாமிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தாராம். அன்றிலிருந்து என் கால் பூனைக்கால் ஆயிற்று. வயிற்றின் அடியிலிருந்து வெடித்து வரவேண்டிய கத்தல், வாய் திறக்காமல் மூக்கால், 'ம்ஹ்' என்று வந்தது.

இவற்றையெல்லாம் நான் தெரிந்து செய்தேன் என்று நினைக்க வேண்டாம். முதல் நாலைந்து நாள் தெரிந்தது. பிறகு கால் தன்பாட்டில் போகத் தொடங்கிவிட்டது. நாளுக்கு இருபது தரம் ஒரு பிழையைச் செய்து பாருங்கள், ஆறு கிழமையில் அதைவிடச் சரியான ஒன்று உலகத்தில் இராது.

கூரை வேலை சனிக்கிழமை பின்னேரம்தான் முடிந்தது. ஞாயிறு காலை ஆசான் வந்துவிட்டார். ஆகவே சென்செய்க்கு எங்களை ஒரு முறையாவது செய்ய வைத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஆசான் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. மிகச் சிறிய கிழவர். கழுத்தில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, கதிரையில் கால் நிலத்தில் முட்டாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாணவர் ஒருவர், கையில் குறிப்புப் புத்தகத்தோடு. அவர் சொல்வதை இவர் ஆங்கிலத்தில் சொல்லுவார். சுவரோரத்து வாங்குகளில் பெற்றோர். அப்பா அங்கே பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு இருந்தார். சென்செய் முன்னால் நின்றார். வெள்ளை உடுப்பின் கழுத்து ஏற்கெனவே நனைந்திருந்தது.

எனக்கு முன் பத்துப் பன்னிரண்டு பேர் செய்தார்கள். எல்லாரும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். ஒழுங்கையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் பழகியவர்கள். ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொருவர் முடிக்கும்போதும் சென்செய்யின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. குறிப்புப் புத்தகத்தில் சின்னச் சின்னச் சரி அடையாளங்கள் விழுந்தன.

என் பெயர் கூப்பிட்டார்கள். நான் ஓடிப்போய் நின்று, வணங்கி, கட்டாவின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

மிகவும் திறமாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். நாற்பது அடி நீள வெறும் மண்டபத்தில், சுற்றிவர ஒரு பொருளும் இல்லாமல், அரை அடி வைத்தேன். இடுப்பை ஒடித்தேன். காற்றில் இருந்த பிளாஸ்குக்குக் கீழாக முழங்காலளவில் உதைத்தேன். திரும்பும் இடத்தில் வயிற்றை எக்கி, இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு, நண்டு நடையில் ஒன்றுமில்லாத இரண்டுக்கு நடுவால் போனேன். கடைசியில் முகத்தைப் பயங்கரமாக வைத்துக்கொண்டு 'ம்ஹ்' என்றேன்.

மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பயந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆசான் கையைத் தூக்கினார். ஏதோ கேட்டார். அவருடைய மாணவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், இதை உனக்கு யார் படிப்பித்தது என்றார்.

நான் பெருமையோடு கையை நீட்டிச் சென்செய்யைக் காட்டினேன்.

சென்செய்க்குக் கழுத்து இல்லை என்று சொன்னேன். அந்த நேரம் தலையும் பாதி உள்ளே போய்விட்டது. குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி அல்ல, ஒரு பக்கம் எழுதப்பட்டது. பின்னால் நின்ற பெரிய அண்ணா ஒருவர், "முடிஞ்சுது கதை" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. கட்டா முடிந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தடிக் கட்டாவையும் செய்யச் சொன்னார்கள். ஆறு கிழமைக்குப் பிறகு உண்மையான தடி கையில் வந்த சந்தோஷத்தில் இன்னும் உற்சாகமாகச் செய்தேன். இல்லாத விசிறிக்குக் கீழே குனிந்தேன். இல்லாத ஷோகேஸுக்கு முன்னால் குத்தைப் பாதியில் இழுத்தேன். எல்லாம் முடிந்து, வணங்கி, வீட்டில் வழக்கமாகச் செய்வது போலத் தடியைப் பிரிட்ஜோடு சாய்த்து வைத்தேன்.

பிரிட்ஜ் வெள்ளவத்தையில் இருந்தது. தடி மண்டபம் முழுக்க எதிரொலிக்க நிலத்தில் விழுந்து உருண்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. காது சுட்டது. சென்செய்யைப் பார்க்க முடியவில்லை. அட்சரகணிதம் கண்ணுக்கு முன்னால் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

அந்த நேரம் அப்பா எழும்பினார். என் முதலடியிலேயே அவருக்கு விளங்கிவிட்டதாம். ஊர் முழுக்க வீடு கீறுபவருக்குத் தன் வீடு தெரியாதா? நேரே நடுவுக்கு வந்தவர், சப்பாத்தோடு வரக் கூடாது என்று ஞாபகம் வந்து திரும்பி ஓடி, கழற்றி வைத்துவிட்டு மறுபடி வந்தார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவலகக் கடித ஆங்கிலம். ஆகவே மேற்படி விடயம் தொடர்பாகத் தாங்கள் கவனத்திற் கொள்ள வேண்டியது என்று தொடங்கி, இந்த மாற்றங்களுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல, பிள்ளையும் பொறுப்பல்ல, தாம் வாடகைக்கு எடுத்த குடியிருப்பே முழுப்பொறுப்பு என்று அறிவித்தார்.

ஆசானின் மாணவர் விழித்தார். அப்பா சுவர்ப்பக்கம் போனார். ஞாயிறு மறைக்கல்விக்கு வைத்திருந்த கரும்பலகையிலிருந்து ஒரு சோக்குக் கட்டியை எடுத்தார். முழங்காலில் நின்று நிலத்தில் எங்கள் ஹோலைக் கீறத் தொடங்கினார். பதின்மூன்று அடிச் சுவர், பதினொரு அடிச் சுவர், கதவு, கதவு திறக்கும் வளைவு. மேசை, பிரிட்ஜ், ஷோகேஸ், ஸ்டூல். அளவுகோல் இல்லாமலே கோடுகள் நேராக விழுந்தன. கடைசியாக நடுவில் ஒரு நீளப்பெட்டி.

ஆசான் கதிரையிலிருந்து இறங்கி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிளானைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு சோக்குக் கதவு இருந்த இடத்தால் உள்ளே வந்தார். சுவரை அவர் மிதிக்கவில்லை என்பதை எல்லாரும் கவனித்தோம். நீளப்பெட்டியைக் காட்டி என்ன என்றார்.

"என்ரை அக்கா" என்றார் அப்பா, தமிழிலேயே. பிறகு திருத்தி, கட்டில் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கிழவர் ஏதோ சொன்னார். கோடு தடுக்காது, ஆட்கள் நிற்கட்டும் என்று மொழிபெயர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் இத்தனை வருடமாகப் பலருக்குச் சொல்லியும் பாதிப்பேர் நம்புவதில்லை. கறுப்புப் பட்டி கட்டிய ஒரு அண்ணா நாலு காலில் குனிந்து சாப்பாட்டு மேசையானார். ஷோகேஸாக இரண்டு அக்காமார் கைகோத்து நின்றார்கள். மிக உயரமானவர் பின்னறையிலிருந்து கொண்டுவந்த ஸ்டூலில் ஏறிக் கையை விரித்து மின்விசிறியானார், அவராகவே மெல்லச் சுழலவும் தொடங்கினார். அப்பா பிரிட்ஜ், கையை உடம்போடு ஒட்டி, முகத்தில் ஒரு குளிர்ச்சியோடு நின்றார். கட்டிலுக்கு யார் என்று பார்த்தபோது சென்செய் தானே வந்து அந்தப் பெட்டிக்குள் மல்லாந்து படுத்தார்.

நான் தொடங்கினேன். இப்போது அந்த அரை அடி கட்டிலுக்குச் சரியாக ஒரு விரல் தள்ளி விழுந்தது. இடுப்பு மேசை அண்ணாவின் தலையைத் தவிர்த்து ஒடிந்தது. நண்டு நடையில் அப்பாவின் வண்டி வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவால் ஒருவரையும் உரசாமல் போனேன். தடியை எடுத்துச் சுழற்றினேன்; விசிறி கண்ணை மூடிக்கொண்டது, படவில்லை. கால்மாட்டு அடி வந்தது. நிலத்தோடு வீசினேன். சென்செய் காலை இழுக்கவே இல்லை. தடி அவர் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு போனது.

வாங்குகளில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆசான் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரையும் விலகச் சொன்னார். சென்செய்யும் எழும்பி ஒதுங்கினார். கிழவர் என் அருகே வந்து, கையால் நாலு பக்கமும் காட்டி, ஆறுதலாக ஏதோ சொன்னார்.

"இப்ப இஞ்சை ஒண்டும் இல்லையாம். கட்டிலும் இல்லையாம். சேர் காட்டித் தந்தபடி செய்யட்டாம்" என்றார் அப்பா, மாணவரின் ஆங்கிலத்தைக் கேட்டு.

கண்ணை மூடித் திறந்தேன். முதல் அடியை நீட்டி வைக்கும்போது, மாமியின் மேலேயே மிதிக்கப் போகிறேன் என்று உடம்பு கூசியது. கால் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதான், பிறகு கால்கள் விட்டதே போதும் என்று ஓடின. உதை வயிற்றளவுக்கு ஏறியது. திரும்பலில் கை முழுதாக விரிந்தது. நிலத்தில் ஓங்கி மிதித்தபோது பலகை இடித்தது. கத்த வேண்டிய இடம் வந்தது. ஆறு கிழமையாக மூக்கோடு நின்றது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. புதுத் தகரத்தின் மேல் இருந்த புறாக்கள் எழும்பிப் பறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது. கீழ் வீட்டு அங்கிளுக்கே கேட்டிருக்கும்.

முடித்து நின்றேன். கிழவர் ஒரு விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டார். பிறகு தன் மாணவரிடம் இரண்டு சொல் சொன்னார். மாணவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, முன்பு எழுதிய பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே கோடாக வெட்டினார்.

படிப்பித்தது சரியாம். ஒரு நூலளவும் மாறவில்லையாம். இனிமேல் பிள்ளையை வெளியில் விட்டுப் பழக்கட்டாம். இவ்வளவும்தான் தீர்ப்பு. என் பட்டி அட்டையில் முத்திரை குத்தினார்கள். பிறகு நீளமான ஒரு கடதாசியில் கிழவர் தூரிகையால் கையெழுத்திட்டு, இரண்டு கையாலும் சென்செய்யிடம் நீட்டினார். சென்செய் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, நெடுநேரம் குனிந்தபடியே நின்றார். அந்தக் கடதாசியை நான் கவனிக்கவில்லை. என் கண்ணெல்லாம் என் அட்டையிலேயே இருந்தது. அட்சரகணிதம் போயே போய்விட்டது. உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி. வாழ்க்கையில் அவ்வளவு லேசாக நான் நின்றதில்லை.

அப்பாவிடம் போய், "இனி ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு ஓம், சரி என்று பொருள். அவருக்குப் பதில் சொல்ல நேரமும் இல்லை. பிளானைப் பார்த்த இரண்டு பெற்றோர் தங்கள் காணியின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டு அவரைச் சூழ்ந்திருந்தார்கள்.

பின்னறையில் எல்லாருக்கும் பட்டிஸும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். ஆசானும் அங்கே போய்விட்டார். நான் இரண்டு பட்டிஸ் சாப்பிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, என் தடியை எடுக்க மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன்.

அங்கே சென்செய் தனியே இருந்தார். சோக்குப் பெட்டிக்குள், முன்பு படுத்த அதே இடத்தில், மல்லாந்து கிடந்தார். ஒரு கை கண்ணை மூடியிருந்தது. மற்றக் கையில் சுருட்டிய கடதாசி, மார்போடு. வயிறு குலுங்கியது.

பக்கத்தில் போய்க் குந்தினேன். "சென்செய், எல்லாம் முடிஞ்சுது. எழும்பலாம்."

அவர் கையை எடுக்கவில்லை. "போ புள்ள, போய்ச் சாப்பிடு. நான் இன்னும் கொஞ்ச நேரம் கட்டிலாவே இருந்துட்டு வாறன்."

கையின் கீழால் கண்ணீர் காதுப் பக்கம் வழிவதைக் கண்டேன். எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது. வெறும் பலகையில் அவ்வளவு நேரம் படுத்ததில் இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டுவிட்டது. ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியிலிருந்த வலித் தைலத்தை எடுத்து வந்தேன். திரும்பிப் படுங்கோ என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, சொன்னபடி திரும்பிப் படுத்தார். பட்டிஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய நாரியில் தைலத்தைப் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்தேன். சுகமா என்று கேட்டேன். ஓம் புள்ள, இப்ப சுகம் என்றார். சொல்லும்போது குரல் இன்னும் நடுங்கியது.

ஆகவே இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்த்தேன். துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஒரு மனிதருக்கு, பத்து நிமிடம் கட்டிலாகக் கிடந்ததில் இவ்வளவு வலித்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.